கட்டைவிரல் சூப்பும் 7 வயசுப் பையன்: ‘வாய்நிலைத் தேக்கம்’னு எழுதிடலாமா?

பாலக்கோடு மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். டி.எல்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போற தொடக்கப் பள்ளியில ஒரு குழந்தையை எடுத்துத் தனியாள் ஆய்வு எழுதணும். எனக்குக் குடுத்த தலைப்பு ‘ஆளுமை உருவாக்கத்தில் உளப்பகுப்பாய்வுக் கோட்பாடுகள்’.

பையனுக்கு 7 வயசு, இரண்டாம் வகுப்பு. அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூருல கட்டட வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போறாங்க. மூணு வயசுல இருந்து அம்மாவைப் பெத்த பாட்டி வீட்டுல வளர்றான். தாய்மாமனும் அதே வீடுதான். வீட்டுல தெலுங்கு, பள்ளிக்கூடத்துல தமிழ்.

நான் கவனிச்சது மூணு விஷயம். பாடம் நடக்கும்போது கட்டைவிரல் சூப்புறான். மத்த பசங்களோட பென்சில், ரப்பரை எடுத்துத் தன் பையில சேர்த்து வெச்சுக்கிறான், கேட்டாலும் தர்றதில்ல. டீச்சர் திட்டினா அழாம சிரிக்கிறான்.

கேள்விகள்: விரல் சூப்புறதை வாய்நிலைத் தேக்கம், சேர்த்து வைக்கிறதை மலவாய்நிலைத் தேக்கம்னு எழுதலாமா? அப்பா கூட இல்லாத பையனுக்கு சூப்பர் ஈகோ (மனசாட்சி மாதிரியான பகுதி) எப்படி உருவாகும்? உளப்பகுப்பாய்வை உருவாக்கின ஃபிராய்டு, அவர் வழியில வந்து சமூகத்துக்கு முக்கியத்துவம் குடுத்த எரிக்சன், இந்த ரெண்டு பேர்ல யாரை வெச்சு எழுதறது நல்லது? ஏதாவது சோதனை வெச்சு ஆளுமையை அளந்து போட்டா மதிப்பெண் கூடுமா?

தென்பெண்ணை:

முதல் கேள்விக்கு நேரான பதில்: அப்படி எழுதக் கூடாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான தனியாள் ஆய்வுகள் சறுக்குகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழந்தையின் இன்பம் எந்த உறுப்பை மையமாகக் கொள்கிறது என்பதை வைத்துச் சொல்லும் ஐந்து வளர்ச்சி நிலைகளும் (வாய்நிலை, மலவாய்நிலை, குறிநிலை, மறைநிலை, பாலுறுப்புநிலை) பாடநூலில் ஒரே அட்டவணையாக இருப்பதால், ஃபிராய்டு ஒரே மூச்சில் அதை வகுத்தார் என்று தோன்றும். உண்மையில் அது இருபது ஆண்டுக் காலம் துண்டு துண்டாகச் சேர்ந்தது. குழந்தைப் பருவப் பாலுணர்வு பற்றிய அடிப்படைக் கருத்து 1905-இல் வந்தது. வாய்நிலை ஒரு தனி அமைப்பாகச் சேர்ந்தது 1915-இல். குறிநிலை 1923-இல்தான் வந்தது. வாய்நிலையை உறிஞ்சும் கட்டம், கடிக்கும் கட்டம் என்றும், மலவாய்நிலையை வெளித்தள்ளும் கட்டம், பிடித்துவைக்கும் கட்டம் என்றும் பிரித்தவர் அவருடைய சகா கார்ல் ஆபிரகாம், 1924-இல்.

தேக்கம், அதாவது மனம் ஒரு நிலையிலேயே ஒட்டி நின்றுவிடுவது, ஏற்படக் கோட்பாடு சொல்லும் காரணங்கள் இரண்டு: அந்த நிலையில் கிடைத்த நிறைவு அளவுக்கு மீறியது, அல்லது ஏமாற்றம் அளவுக்கு மீறியது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆகவே பையன் விரல் சூப்புகிறான் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் போனால், அவனுக்குப் பால் அதிகம் கிடைத்ததா, கிடைக்காமல் போனதா என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்? ஃபிராய்டே 1920-இல் வெளியிட்ட ஒரு நோயாளி வரலாற்றில் இதை ஒப்புக்கொள்கிறார். முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் சங்கிலி அறுபடாமல் தெரிகிறது, தொடக்கத்திலிருந்து முன்னோக்கி வந்தால் இதே முடிவு வரும் என்று சொல்லியிருக்க முடியாது என்கிறார். உங்கள் ஆய்வில் இந்த ஒரு வரம்பைக் குறிப்பிட்டாலே, கோட்பாட்டைப் புரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

அப்படியானால் விரல் சூப்புவதை எப்படி அணுகுவது? பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பழக்கம் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே விடாமல் இருக்கிறதா, இல்லை நடுவில் நின்றுபோய்த் திரும்ப வந்ததா? விடாமல் தொடர்ந்தால் அது விடாத பழக்கம், அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு வயதில் நின்று, பெற்றோர் பெங்களூரு போன பிறகு திரும்பியிருந்தால் ‘பின்னோக்கம்’ என்ற சொல்லுக்கு இடம் உண்டு. நெருக்கடி வரும்போது ஏற்கெனவே நிம்மதி தந்த பழைய இடத்துக்கு மனம் திரும்புவது என்பதே அதன் பொருள். முன்னேறும் கூட்டம் வழியில் ஒரு பகுதி ஆட்களை நிறுத்திவிட்டுப் போகிறது, முன்னால் தோல்வி கண்டால் அவர்கள் இருக்கும் இடத்துக்கே பின்வாங்குகிறது என்று ஃபிராய்டு விளக்குவார். தேக்கமும் பின்னோக்கமும் அப்படிச் சேர்ந்தே இயங்குகின்றன.

கூடவே எப்போது சூப்புகிறான் என்று குறியுங்கள். 40 நிமிடப் பாடவேளையை ஐந்து ஐந்து நிமிடமாக எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உண்டு, இல்லை என்று குறித்து, அப்போது வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் எழுதினால் போதும். ஐந்து நாள் பாருங்கள். பசி நேரத்திலா, தூக்கம் வரும்போதா, வாசிக்கச் சொல்லும்போதா என்பது தெரிந்துவிடும். வாசிக்கச் சொல்லும்போது மட்டும் என்றால் விஷயம் முலைப்பாலில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. (ஏழு வயதில் முன்பற்கள் விழுந்து முளைக்கும் காலம். விடாமல் சூப்பினால் பல் முன்னுக்குத் தள்ளும். பாட்டியிடம் அதையும் சொல்லி வையுங்கள்.)

இனி பென்சில். மலவாய்நிலைப் பண்புகள் என்று ஃபிராய்டு 1908-இல் சொன்னவை மூன்று: ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வரும் என்பதுதான் அவர் கவனித்தது. அடுத்தவன் பென்சிலை எடுப்பது சிக்கனத்தில் சேராது. இந்தப் பையனுக்கு நெருக்கமான விளக்கம் வேறு ஒருவரிடம் இருக்கிறது. குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த வின்னிகாட், இரண்டாம் உலகப் போரில் பெற்றோரைப் பிரித்து வெளியூர் அனுப்பப்பட்ட ஆங்கிலேயக் குழந்தைகளோடு பணியாற்றியவர். எடுத்து எடுத்துச் சேர்க்கும் குழந்தை அந்தப் பொருளைத் தேடவில்லை, தனக்கு உரிமையுள்ள தாயைத் தேடுகிறது என்று 1956-இல் எழுதினார். அதற்கும் மேலே போய், அது நம்பிக்கையின் அடையாளம் என்றார். ஒன்றை அனுபவித்து இழந்த குழந்தைதான் அதைத் திரும்பக் கேட்கும். தொடக்கத்திலிருந்தே எதுவும் கிடைக்காத குழந்தைக்குக் கேட்கவே தெரியாது. மூன்று வயது வரை தாயோடு இருந்து பிறகு பிரிந்தான் என்று நீங்கள் எழுதியிருப்பது இங்கேதான் முக்கியமாகிறது.

ஆனால் இதையும் ‘இதுதான் காரணம்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தக் கோட்பாட்டின்படி இப்படிப் பார்க்க இடமுண்டு’ என்று எழுதுங்கள்.

திட்டினால் சிரிப்பது பற்றி: எந்தத் தற்காப்பு நடத்தையின் (பதற்றத்திலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி) பெயரையும் போடுவதற்கு முன்னால், டீச்சர் தமிழில் வேகமாகத் திட்டுவது அவனுக்கு முழுதாகப் புரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் முகத்தைப் பார்த்துத்தான் பல நேரம் பதில் சொல்வார்கள்.

பர்கூர் ஆலோசகர்:

சார் சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

சூப்பர் ஈகோ கேள்வி. ஃபிராய்டு 1923-ல மனசை இட் (உந்துதல்கள்), ஈகோ (நிதானிச்சு நடத்துற பகுதி), சூப்பர் ஈகோன்னு மூணாப் பிரிச்சப்போ, அஞ்சாறு வயசுல ஈடிபஸ் சிக்கல் (பையனுக்கு அம்மாமேல ஆசை, அப்பாவோட போட்டி) அடங்கும்போது குழந்தை பெற்றோரோட ஒன்றிப்போய் அவங்க அதிகாரத்தை உள்ளுக்குள்ள வாங்கிக்குதுன்னு சொன்னார். அப்பா கண்ணெதிர்ல இல்லன்னா சூப்பர் ஈகோவே உருவாகாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. 1933-ல அவரே இன்னும் தெளிவாச் சொல்றார்: குழந்தையோட சூப்பர் ஈகோ பெற்றோரைப் பார்த்து அமையல, பெற்றோரோட சூப்பர் ஈகோவைப் பார்த்து அமையுது. தலைமுறை தலைமுறையா வர்ற ‘இது தப்பு, இது சரி’ அப்படித்தான் கைமாறுது. பெற்றோர் இடத்துல இருக்கிற பெரியவங்க யாரா இருந்தாலும் இது பொருந்தும். அப்போ இந்தப் பையனுக்குப் பாட்டியும் மாமனும்தான் முக்கியம்.

மாமன் விஷயத்தைச் சாதாரணமா விட்டுடாதீங்க. மாலினோவ்ஸ்கிங்கிற மானிடவியலாளர் பசிபிக் தீவுகள்ல ஒண்ணான ட்ரோப்ரியாண்டுல, அதிகாரம் அப்பாகிட்ட இல்ல, தாய்மாமன்கிட்ட இருக்கிறதைக் காட்டி, ஈடிபஸ் சிக்கல் எல்லா ஊருக்கும் ஒரே அச்சுல வராதுன்னு 1927-ல புத்தகமாவே எழுதினார். ஃபிராய்டு பக்கம் நின்ன எர்னஸ்ட் ஜோன்ஸ் அதை ஏத்துக்கல. நம்ம பக்கம் மடியில உக்கார வெச்சுக் காது குத்துறது மாமன். நம்ம மாமன் முறையும் அவங்க முறையும் ஒண்ணு இல்ல. நம்மகிட்ட மாமன் செல்லம் குடுக்கிறவரும்கூட. அதனால அந்த வீட்டுல யார் ‘கூடாது’ன்னு சொல்றாங்க, யார் சொன்னா பையன் கேக்கிறான், யார்கிட்ட ஒளிக்கிறான்னு மூணையும் தனித்தனியா எழுதுங்க. சூப்பர் ஈகோன்னு ஒரு பத்தி தத்துவம் எழுதுறதைவிட இதுக்கு மதிப்பு அதிகம்.

வயசு எல்லைகளையும் அப்படியே தூக்கிப் போடாதீங்க. ரெண்டு வயசு வரைக்கும் பால் குடுக்கிறதும், வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கிறதும், தூளியில ஆத்தாவோ அக்காவோ ஆட்டித் தூங்க வைக்கிறதும் வியன்னாவுல இருந்த வளர்ப்பு முறை இல்ல. இந்தியாவுல இந்தக் கேள்வியை ஆரம்பத்துலயே கேட்டவர் கிரீந்திரசேகர் போஸ். 1922-ல கல்கத்தாவுல இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பிச்சவர், ஃபிராய்டோட கடிதத்துல கருத்து வேறுபட்டவர். உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் 1978-ல எழுதின புத்தகத்துல, இந்தியப் பையன் நாலஞ்சு வயசு வரை அம்மா அரவணைப்புல நீண்டகாலம் இருந்து, திடீர்னு ஆம்பளைங்க உலகத்துக்குத் தள்ளப்படுறான்னு ஒரு சித்திரம் தர்றார். அதை மேற்கோள் காட்டலாம். ஆனா அது பெரும்பாலும் வடநாட்டு மேல்சாதி இந்துக் குடும்பம் சார்ந்தது. மூணு வயசுல அம்மாவே வேலைக்கு வெளியூர் போற குடும்பத்துக்கு அது அளவெடுத்த சட்டை இல்ல.

அடுத்தது பிரிவு. ஜான் பவுல்பி பேர் உங்க பட்டியல்ல இருக்கணும். உளப்பகுப்பாய்வுல பயிற்சி எடுத்தவர்தான். தாய்மேல பற்று பாலுக்காக மட்டும் வர்றதில்ல, அது தனித் தேவைன்னு வாதாடினவர். அம்மாவைப் பிரிஞ்ச சின்னக் குழந்தைங்ககிட்ட மூணு கட்டம் தெரியும்: முதல்ல அழுது எதிர்ப்பு, அப்புறம் சோர்வு, கடைசியில ஒட்டாமை. மூணாவது கட்டத்தைப் பார்த்துட்டு ‘பழகிட்டான்’னு நினைச்சுக்கிறோம். அம்மா மாசக் கடைசியில வரும்போது பையன் ஓடி வர்றானா, கிட்ட வராம ஒதுங்குறானா, போகும்போது என்ன பண்றான்னு பாட்டியைக் கேளுங்க. பவுல்பி 1944-ல திருடின 44 சிறுவர்களைப் பத்தி எழுதினார். அதுல யார்மேலயும் பாசமே இல்லாதவங்கன்னு அவர் வகைப்படுத்தின 14 பேர்ல 12 பேர் சின்ன வயசுல தாயை நீண்டகாலம் பிரிஞ்சவங்க. ஆனா பேட்டி எடுத்ததும் வகைப்படுத்தினதும் அவரேதான், அதனால அந்த எண்ணை நிரூபணமா எழுதாதீங்க. முக்கியமா, உங்க பையனுக்குப் பாட்டின்னு நிலையான ஒரு ஆள் இருக்காங்க. விடுதியில போட்டு ஆள் மாறி ஆள் பார்த்த குழந்தைங்களோட இவனை ஒப்பிடுறது தப்பு.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் தனியாள் ஆய்வுல சொல்லித் தர்றதில்ல. குழந்தைகிட்டப் பேசும்போது யாரோ தப்பா நடந்துக்கிட்டதா அவன் ஏதாவது சொன்னா, ‘ஈடிபஸ் கற்பனை’ன்னு குறிப்பு எழுதிட்டு நகரக் கூடாது. 1896-ல ஃபிராய்டே நோயாளிகள் சொன்ன பாலியல் கொடுமையை உண்மைன்னு எடுத்துக்கிட்டுப் பேசினார், அடுத்த வருஷம் அந்த நிலையை விட்டார். அதனால எத்தனையோ குழந்தைங்க சொன்னது கற்பனைன்னு ஒதுக்கப்பட்டுச்சு. 1932-ல ஃபிராய்டோட சகா ஃபெரென்சி அதை எதிர்த்துப் பேசினார். நமக்கு இப்ப சட்டமே இருக்கு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-படி தெரிஞ்சா, ஏன் சந்தேகம் வந்தாலே, காவல்துறைக்குச் சொல்லியாகணும். பயிற்சி மாணவிக்கும் அது பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். நீங்களே துருவித் துருவிக் கேக்காதீங்க. அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வெச்சுக்கிட்டா போதும்.

பாலக்கோடு மாணவி:

ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. அப்போ எரிக்சனை எங்க வைக்கிறது? சோதனை பத்தியும் யாராவது சொல்லுங்க. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்வுக்கும் இதையேதான் படிக்கிறேன், அடிக்கடி குழம்புற இடம் இருந்தா அதையும் சொல்லுங்க.

அரூர் பயிற்றுநர்:

சோதனை வேண்டவே வேண்டாம்மா. ரோர்ஷாக் மைத்தடச் சோதனையில 10 அட்டை, படத்தைப் பார்த்துக் கதை சொல்ற டி.ஏ.டி.-யில வெற்று அட்டை ஒண்ணு சேர்த்து 31, குழந்தைகளுக்கான சி.ஏ.டி.-யில விலங்குப் படம் போட்ட 10 அட்டை. இணையத்துல படத்தை எடுத்துக் காட்டிடலாம், ஆனா பதிலைப் படிக்கிறதுக்கு வருஷக்கணக்கான பயிற்சி வேணும். அது மருத்துவ உளவியலாளர் வேலை. பையன் வரைஞ்ச வீட்டுப் படத்துல கதவு சின்னதா இருக்கு, அதனால மனசு மூடியிருக்குன்னு எழுதுறதும் இதே தப்புதான். மதிப்பிடுற எனக்கு அதைப் பார்த்தா மதிப்பெண் குறைக்கத்தான் தோணும்.

எரிக்சனை நடுவுல வைங்க. 7 வயசு, அவர் கணக்குல நாலாவது நிலை: உழைப்பூக்கமா, தாழ்வுணர்ச்சியா. ஃபிராய்டுக்கு இது மறைநிலை, பெருசா எதுவும் நடக்காத காலம். எரிக்சனுக்கு இங்கதான் பள்ளிக்கூடமே ஆளுமையை உருவாக்குது. அதனால உங்க வகுப்பறைக் குறிப்பு முழுக்க இங்க பயன்படும். எண்ணும் எழுத்தும் திட்டத்துல கற்றல் நிலைப்படி பிரிக்கிற குழுக்கள்ல பையன் அரும்பா, மொட்டா, மலரா? தன் குழு எதுன்னு அவனுக்குத் தெரியுமா? பயிற்சித்தாளைப் பாதியில விடுறானா, முடிச்சுட்டு யார்கிட்டயாவது காட்டுறானா? வாசிக்கச் சொல்லும்போதுதான் விரல் வாய்க்குப் போகுதுன்னு உங்க எட்டுக் கட்டக் குறிப்புல வந்துட்டா, உங்க ஆய்வோட மையமே அதுதான். நிலைகளை ஏணிப்படி மாதிரி எழுதிடாதீங்க. முதல் நிலையில நம்பிக்கை முழுசா கிடைக்கணும்னு எரிக்சன் சொல்லல. கொஞ்சம் அவநம்பிக்கையும் வேணும், நம்பிக்கைப் பக்கம் தட்டு சாயணும்னுதான் சொன்னார்.

அட்லரை ஒரு பத்தியில முடிச்சுக்கலாம். 1911-ல ஃபிராய்டை விட்டுப் பிரிஞ்சவர். மனுஷனைப் பின்னால இருந்து தள்ளுற உந்துதலைவிட, அவன் முன்னால வெச்சிருக்கிற இலக்கைப் பாருன்னவர். பென்சில் சேர்த்து இவன் யார் முன்னாடி பெரியவனாகப் பார்க்கிறான்னு ஒரு கேள்வி கேட்டா போதும். யுங் இந்த ஆய்வுக்குத் தேவையில்ல. அவருக்கு ஆர்வமே வாழ்க்கையோட பிற்பாதியிலதான்.

எழுதுற முறை: இடது பக்கம் கண்ணால பார்த்தது, காதால கேட்டது மட்டும். வலது பக்கம் கோட்பாடு. ‘பிடிவாதக்காரன்’னு இடது பக்கம் எழுதினா தப்பு, ‘மூணு தடவை கேட்டும் பென்சிலைத் தரல’ன்னு எழுதுங்க. ஒவ்வொரு விளக்கத்துக்குக் கீழயும் ‘இது தப்பா இருந்தா எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்?’னு ஒரு வரி போடுங்க. உளப்பகுப்பாய்வு எந்த நடத்தைக்கும் விளக்கம் சொல்லிடுது, அதனால அதைப் பொய்ப்பிக்கவே முடியாதுன்னு தத்துவவாதி கார்ல் பாப்பர் வெச்ச விமர்சனம் நியாயமானது. அதுக்கு உங்க அளவுல குடுக்கக்கூடிய பதில் அந்த ஒரு வரி. குழந்தை பேர், ஊர், பள்ளி, பெற்றோர் வேலை செய்யுற இடம் எதுவும் வேண்டாம், ‘குழந்தை அ’ போதும். பாட்டிகிட்ட முன்கூட்டியே சம்மதம் வாங்குங்க, தெலுங்குல பேசத் தெரிஞ்ச யாராவது கூட இருந்தா இன்னும் நல்லது.

தேர்வுக்கு: டெட்ல 150 மதிப்பெண்ல 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும். பசங்க தடுமாறுறது பெரும்பாலும் இங்கதான். இட் முழுக்க நனவிலி (நமக்கே தெரியாம இயங்குற மனசு), அது சரி. ஆனா நனவிலின்னா இட் மட்டும்னு எழுதினா தப்பு. ஈகோ, சூப்பர் ஈகோ ரெண்டுலயும் நனவிலிப் பகுதி உண்டு, தற்காப்பு நடத்தைகளே ஈகோ தனக்குத் தெரியாம செய்யுறதுதான். ஒடுக்கம்னா ஒரு நினைப்பு நமக்கே தெரியாம நனவிலிக்குள்ள தள்ளப்படுறது, தெரிஞ்சே ஒரு நினைப்பைத் தள்ளி வெச்சா அது ஒடுக்கம் ஆகாது. இடமாற்றம்னா தலைமையாசிரியர்மேல வந்த கோவத்தைத் தம்பிமேல காட்டுறது, புறத்தெறிதல்னா தன்கிட்ட இருக்கிற கோவத்தை ‘அவருக்குத்தான் என்மேல கோவம்’னு அடுத்தவர் தலையில ஏத்துறது. ஈடுசெய்தலும் உயர்மடை மாற்றமும் வேற வேற: படிப்புல பின்தங்கினவன் கபடியில முன்னுக்கு வந்தா ஈடுசெய்தல், அடிதடி வேகத்தையே கபடியா மாத்திக்கிட்டா உயர்மடை மாற்றம். தற்காப்பு நடத்தைகளை வரிசைப்படுத்தித் தொகுத்தவர் அன்னா ஃபிராய்டு, 1936.

தென்பெண்ணை:

அரூர்காரர் சொன்ன முறையில் எழுதுங்கள். பென்சில் விஷயத்தில் வகுப்பில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பரிந்துரைப் பகுதியில் கேட்பார்கள்.

வின்னிகாட் இப்படிப்பட்ட குழந்தைக்கு விளக்கம் சொல்லிப் புரியவைக்கச் சொல்லவில்லை. சூழலை நிலையாக வைத்திருக்கச் சொன்னார். எல்லார் முன்னாலும் பையைக் கொட்டிச் சோதிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். மற்ற பிள்ளைகளின் பென்சிலை மாலையில், வகுப்பு கலைந்த பிறகு, அவனையே எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக் கொடுங்கள். அவனுக்கென்று இரண்டு பென்சில், திருப்பிக் கேட்காமல் கொடுங்கள். வகுப்பாசிரியர் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் அவனோடு தனியாக வாசிக்கட்டும். உங்கள் பயிற்சி முடியும் நாளை ஒரு வாரம் முன்னதாகவே அவனிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அம்மா ஊருக்கு வரும் தேதி தெரிந்தால் பாட்டியிடம் நாட்காட்டியில் வட்டம் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் எடுப்பது கூடலாம். குழந்தை இந்தச் சூழல் தாங்குமா என்று சோதிக்கும் காலம் அது, அப்போது பழைய முறைக்குத் திரும்பிவிடக் கூடாது என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.